சரிவில் பார்த்த எண்ணெய்

மகன்,

நான் கோபத்தில் நிதானம் இழந்து, உன் ரெஜி சித்தப்பாவைத் தெஹிவளைக் கராஜில் நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று சொல்லித் திரிகிறார்கள். அது பிழை. நான் நிதானம் இழக்கவில்லை. பத்தொன்பது நாள் யோசித்து, சனிக்கிழமைகளில்தான் அங்கே ஆட்கள் அதிகம் நிற்பார்கள் என்று விசாரித்து, அதற்குப் பிறகுதான் செய்தேன். நாலு பேர் என்பதும் பிழை. ஏழு பேர் நின்றார்கள், சித்தியோடு எட்டு. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் தட்டச்சு செய்தவளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எண்ணிக்கையையாவது சரியாகச் சொல்ல வேண்டாமா? இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனாலும் பிரதிகள் சித்தப்பா வீட்டுக்கும், உன் மாமனார் வீட்டுக்கும், கோயில் மாதர் சங்கத்துக்கும் போகின்றன. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நானே படம் எடுத்துப் போடுவேன். என்னைப் பற்றிய கதை எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் இதுவும் போகவேண்டும்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குச் சொன்னவர் நடுவில் இருந்து சொன்னார். கொட்டாஞ்சேனையில் நம் கோயில் திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு வாகன ஆசீர்வாதம் நடப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். பூசை முடிந்து ஃபாதர் தீர்த்தத்தோடு வீதிக்கு வருவார். தீர்த்தம் தகரத்தில் மட்டும் விழுந்தால் போதாது, இஞ்சினிலும் விழவேண்டும் என்று நம்முடைய ஆட்கள் எல்லாரும் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் அன்று வெள்ளவத்தையில் இருந்து வெளிக்கிடப் பிந்திவிட்டேன். கோயில் மதிலை ஒட்டி மேலே ஏறுகிற ஒழுங்கையில்தான் இடம் கிடைத்தது. காரின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. நான் இஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் திறந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, உன் சித்தப்பா வெள்ளைக் காற்சட்டையோடு வந்தார். யாரும் கேட்காமலே எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்தார். கைலேஞ்சியால் துடைத்தார். அரைவாசி செருகி, மறுபடி இழுத்தார்.

"மச்சாள், கடைசியா எப்ப ஒயில் பார்த்தனீங்க?"

"நேற்றுக் காலைமை."

"நேற்றோ? இங்க பாருங்க. நுனியில மட்டும்தான் நனைஞ்சிருக்கு. அண்ணன் இருந்திருந்தா நெஞ்சைப் பிடிச்சிருப்பார்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சந்திக் கடையில் ஒரு கான் எண்ணெய் வாங்கிவந்து ஊற்றினார். உடனே கம்பியை இழுத்துப் பார்த்து, "இன்னும் காணாது" என்றார். திரும்பவும் ஊற்றினார், திரும்பவும் உடனே பார்த்தார், திரும்பவும் காணாது என்றார். நாலு லீற்றர்க் கானில் அரைவாசி போய்விட்டது. அந்த நேரம் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். ரெஜி குனிந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நான் ஏன் பேசாமல் நின்றேன் என்று நீ கேட்கலாம். பொது இடத்தில் குரலை உயர்த்தக் கூடாது என்று கன்னியாஸ்திரிகள் எங்களுக்குப் பத்து வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். தீர்த்தத்துக்கு முன்னால் கொழுந்தனோடு வாய்காட்ட எனக்கு மனம் வரவில்லை. அது என் முதல் பிழை. இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது. மறுநாள் காலையில் நானே இறங்கிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எழுபத்துநாலு வயது, ஒருவேளை சனிக்கிழமை நான்தான் பிழையாகப் பார்த்தேனோ, கண்ணாடியைத் துடைக்காமல் பார்த்தேனோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. என் கண்ணை நானே நம்பாமல் நாலு நாள் இருந்தேன். சித்தப்பாவின் வேறு எந்தக் குற்றத்தையும் மன்னிக்கலாம். அந்த நாலு நாளை நான் மன்னிக்கப் போவதில்லை.

வியாழக்கிழமை கொள்ளுப்பிட்டியில் காலி வீதிச் சமிக்ஞை விளக்கடியில் பின்னால் நீலப் புகை எழும்பியது. பக்கத்து முச்சக்கரவண்டிக்காரர் சிங்களத்தில், "அம்மே, புகை வருது, நிற்பாட்டுங்க" என்று கத்தினார். நான் ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தினேன். கீழே எண்ணெய் சொட்டியது. உன் சித்தப்பாவுக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்தேன், உன் அப்பாவின் தம்பி என்று. அவர் வந்தார், பொனட்டுக்குள் எட்டிப் பார்த்தார், "நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். காரைத் தெஹிவளைக்கு இழுத்துக்கொண்டு போவதற்குள் ரொறொன்ரோவில் நீ அறிந்துவிட்டாய், அம்மா எண்ணெய் இல்லாமல் ஓட்டி இஞ்சினைக் கெடுத்துப் போட்டா என்று. திங்கட்கிழமை நீ தொலைபேசி எடுத்தாய். நீ சொன்னதை நான் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பழக்கதோஷம். "அம்மா, வயசு போகுது. இனி ஓட்ட வேண்டாம். காரை சித்தப்பாட்ட குடுங்கோ, எங்க போகவேணும் எண்டாலும் அவர் கூட்டிக்கொண்டு போவார். நான் கார் மாத்துற போர்மில சைன் வைச்சு அனுப்புறன்." நீ கதைத்தது மூன்று நிமிடம். அதில் ஒரு கேள்விகூட இல்லை. என்ன நடந்தது அம்மா என்று நீ கேட்கவே இல்லை.

அப்பா செத்த வருடம் காரை உன் பெயருக்கு மாற்றியது நான்தான். ஆம்பிளைப் பிள்ளையின் பெயரில் இருந்தால் மரியாதை என்று நினைத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் ஓட்டுகிற காரை யாருக்குக் கொடுப்பது என்று கடல் கடந்து இருக்கிற நீ தீர்மானிக்கிற நிலை அப்படித்தான் வந்தது.

உனக்கு எண்ணெய் பார்க்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் நான்தான் காரணம். உனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நம் ஒழுங்கையில் அப்பா பொனட்டைத் திறந்து உன்னைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். நீ கம்பியை இழுத்து, துணி தேடாமல், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் துடைத்துவிட்டாய். நான் மேல்மாடியில் இருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்து உன்னையும் ஏசினேன், அப்பாவையும் ஏசினேன். அப்பா பொனட்டை மூடினார். அதற்குப் பிறகு அவர் உன்னை அந்தப் பக்கம் கூப்பிடவே இல்லை. அந்தச் சட்டைக் கறை மூன்று சலவையில் போய்விட்டது. நீ கற்கத் தொடங்கியது அங்கேயே நின்றுவிட்டது. ஆகையால் இப்போது கற்றுக்கொள். எண்ணெய் பார்க்கத் தெரிந்திருந்தால், சித்தப்பா சொன்னதில் எது பொய் என்று தொலைபேசியிலேயே உனக்கு விளங்கியிருக்கும்.

கார் மட்டமான நிலத்தில் நிற்கவேண்டும். சரிவில் நின்றால் எண்ணெய் ஒரு பக்கம் ஓடிவிடும். நம் காரில் கம்பி முன்பக்கம் இருக்கிறது. மூக்கு மேலே இருந்தால் எண்ணெய் பின்னால் போய்க் கம்பிக்கு எட்டாது. இஞ்சின் ஓடியிருந்தால் நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திரு. ஓடும்போது எண்ணெய் மேலே எங்கும் ஏறி நிற்கும், அது இறங்கிக் கீழே வந்து சேர நேரம் வேண்டும். பிறகு கம்பியை இழு. முதல் தரம் இழுத்ததைப் பார்க்காதே, அதில் கண்டபடி எண்ணெய் அப்பியிருக்கும். நூல் உதிராத பழைய பருத்தித் துணியால் துடை. பிறகு தலை இடிக்கும் மட்டும் முழுதாகச் செருகு. அரைவாசியில் விட்டால் கம்பி பொய் சொல்லும். மறுபடி இழுத்து, படுக்கையாகப் பிடித்து, இரண்டு பக்கமும் பார். நிமிர்த்திப் பிடித்தால் எண்ணெய் வழிந்து ஏமாற்றும். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். கீழ்க் கோட்டுக்குக் கீழே போனால் மட்டும் ஊற்று. ஒரு கோப்பை அளவு ஊற்றி, காத்திருந்து, திரும்பப் பார்த்து, தேவை என்றால் இன்னும் கொஞ்சம். மேல் கோட்டைத் தாண்டவே கூடாது. தாண்டினால் சுழலுகிற தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்கும். நுரையால் இஞ்சினைக் காப்பாற்ற முடியாது. மிச்சம் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும், புகையாகவும் வரும். கூடினால் நல்லது என்று நினைக்கிறவர்கள் சமையலறையில்கூட எண்ணெய் ஊற்றத் தகுதி இல்லாதவர்கள்.

இதெல்லாம் நான் பிறக்கும்போதே அறிந்திருந்தேன் என்று நினைக்காதே. அப்பா செத்து இரண்டாம் மாதம், கராஜில் எண்ணெய் மாற்றி வீட்டுக்கு ஓட்டிவந்து, கேற்றடியில் நிறுத்திய கையோடு கம்பியை இழுத்துப் பார்த்தேன். குறைவாக இருந்தது. விதவை என்று ஏமாற்றுகிறான் என்று காரைத் திருப்பிக்கொண்டு தெஹிவளைக்குப் போனேன். அந்த மெக்கானிக் ஒரு முஸ்லிம், எல்லாரும் நானா என்று கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர்களுக்கு முன்னால் அவரைக் கள்ளன் என்றேன். அவர் கையைத் துடைத்தார், இருக்கக் கதிரை போட்டார், குடிக்கப் பிளேன்ரீ தந்தார். "பத்து நிமிசம் இருங்க மெடம். இஞ்சினுக்கும் கொஞ்சம் இருக்கக் குடுக்க வேணும் தானே." பத்து நிமிடத்தின் பிறகு கம்பியை எடுத்து என் கையில் தந்தார். எண்ணெய் மேல் கோட்டில் நின்றது. நான் மன்னிப்புக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு கிழமை, ஏழு இரவும், நித்திரை இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போனேன். ஆட்கள் நின்றார்கள். அவர்கள் எல்லாரும் கேட்க, "நானா, போன கிழமை நான் உங்களைக் கள்ளன் என்றேன், அது பொய், என்னை மன்னியுங்கோ" என்றேன். தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியே அல்லவே நான் அவரைக் கள்ளன் என்றது. பழி சொன்ன இடத்திலேயே அதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று அன்றுதான் படித்தேன்.

அந்த நானாதான் நம் காரின் எண்ணெயை இறக்கி அளந்தார். மூன்றரை லீற்றர் பிடிக்கிற இஞ்சினில் இருந்து ஐந்து லீற்றருக்கு மேல் வந்தது, வழியில் ஒழுகியது வேறு. "மெடம், இது ஒயில் இல்லாமக் கெட்ட இஞ்சின் இல்ல. ஒயில் கூடிக் கெட்டது" என்றார். இறக்கியதை வெளியே ஊற்றாமல் கானில் வைத்திருக்கும்படி சொன்னேன். அன்றே உனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ எப்போது கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ தொலைபேசி எடுத்த பத்தாம் நாள் அப்பாவின் ஆண்டுத் திவசப் பூசை. எங்கே போகவேண்டும் என்றாலும் சித்தப்பா கூட்டிக்கொண்டு போவார் என்று நீ சொன்னாயே, பின்னேரம் ஆறு மணிப் பூசைக்கு ஐந்தே காலுக்கு வரச் சொன்னேன். "ஓம் மச்சாள், நீங்க ரெடியா நில்லுங்க" என்றார். ஆறு மணிக்கு வந்தார், வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார். நான் கோயிலுக்குள் போகும்போது நற்கருணை கொடுத்து முடிந்திருந்தது. "உள்ளுக்கு வந்து கும்பிட்டாச் சரிதானே" என்றார். என் புருசனின் பெயரை ஃபாதர் வாசித்தபோது நான் முச்சந்தியில் ஒரு வடைக்கடைக்கு முன்னால், சித்தப்பாவுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவரை எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். திட்டம் அந்த மாலைதான் வந்தது.

கார் திருத்தி முடிந்ததும் சித்தப்பாவுக்கு எடுத்தேன். "ரெஜி, சனிக்கிழமை பத்து மணிக்குக் கராஜுக்கு வாங்கோ. மகன் அனுப்பின போர்மையும் கொண்டுவாங்கோ, கார்ப் புத்தகமும் திறப்புக் கொத்தும் அங்கேயே தாறன். நல்ல காரியம், தங்கச்சியையும் கூட்டிவாங்கோ." நானாவிடம், அவர்கள் வாசலுக்கு வரும்வரை இஞ்சினை ஓடவிடும்படியும், முன் சில்லுகளைச் சரிவு மேடையில் ஏற்றி வைக்கும்படியும் சொன்னேன். கோயில் மதிலடியில் இருந்த அதே சரிவு.

"மெடம், இது பாவம் இல்லையா?"

"பாவம்தான் நானா. நீங்க காரை ஏத்துங்கோ."

சித்தப்பா வந்தார், ஓட்டுநர் ஆசனத்துக்கு என்று ஒரு புது மெத்தையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு. நான் சொன்னேன், "ரெஜி, எடுக்க முந்தி ஒருக்கா ஒயிலைப் பாருங்கோ, உங்களுக்குத்தானே தெரியும்." பிறகு மூன்று தரம் அவருக்கு வழி விட்டேன், அதைக் கர்த்தர் அறிவார். மட்டமான இடத்துக்கு இறக்கிவிடவா என்று கேட்டேன். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு மச்சாள்" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். வேலை இருக்கு என்றார். கம்பியை முழுதாகச் செருகவேண்டும் என்று நானா சொல்வார் என்றேன். "அவர் சொல்லுவார், ஊத்தவும் மாட்டார்" என்று சிரித்தார். கம்பியை இழுத்து, எல்லாரும் பார்க்க உயர்த்திக் காட்டினார்.

"கீழ்க் கோட்டுக்கும் கீழ. ஒரு லீற்றராவது வேணும். நானா, நீ என்ன வேலை செஞ்சிருக்கிறாய்?"

நானா காரை மட்டமான இடத்துக்கு இறக்கினார். எல்லாருக்கும் பிளேன்ரீ வந்தது. சுவர் மணிக்கூட்டில் பத்து நிமிடம் போனது. பிறகு துணியைச் சித்தப்பாவின் கையில் கொடுத்து, "இப்ப பாருங்க சேர்" என்றார். சித்தப்பா இழுத்துத் துடைத்தார், முழுதாகச் செருகினார், மறுபடி இழுத்தார். எண்ணெய் மேல் கோட்டில், ஒரு நூல் கூடாமல், ஒரு நூல் குறையாமல் நின்றது. நானா அந்தப் பழைய கானைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தார். "மூணரை பிடிக்கிற இஞ்சின்ல இவ்வளவு இருந்திச்சு. மிச்சம் கோயிலடியில நீங்க ஊத்தினது."

வரிசையில் நின்ற ஒருவர், "சேர் எனக்கும் கொஞ்சம் ஊத்திவிடுங்க, சும்மா தானே" என்றார். சிரிப்பு எழும்பியது. ஆனால் அவரைச் சாய்த்தது சிரிப்பில்லை, சித்தி. கானைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். "அப்ப நீங்களா கெடுத்தனீங்க? நான் கோயில் முழுக்க மச்சாளைப் பற்றிச் சொல்லித் திரிஞ்சனே." அவர் படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, மெத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டி பிடித்துப் போனார். சித்தி அவரோடு ஏறவில்லை. பஸ் எடுத்தாள்.

எனக்கு அது இனித்தது, மகன். ஒளிக்கவில்லை. அந்தக் கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன், சரிவு மேடை உட்பட. "மனம் வருந்துகிறீங்களா?" என்று ஃபாதர் கேட்டார். "இன்னும் இல்லை, ஃபாதர்" என்றேன். "அப்ப வருத்தம் வந்த பிறகு வாங்கோ" என்றார். நான் பாவமன்னிப்பு இல்லாமல் வீட்டுக்கு வந்தேன், நன்றாக நித்திரை கொண்டேன்.

மூன்று நாள் கழித்து நீ எடுத்தாய். கம்பியில் எண்ணெய் எங்கே நின்றது என்று அப்போதும் நீ கேட்கவில்லை. "அம்மா, நீங்க பெரிய மனுசி. சித்தப்பாட்ட மன்னிப்புக் கேளுங்கோ" என்றாய். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியும், ஆட்கள் நிற்கும்போது கேட்கவும் தெரியும். உண்மைக்காக நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். சித்தப்பா தன் பிழையை அறியாமல் செய்தார், பிறகு எண்ணெய் சொட்டியதைக் கண்டும் மறைத்தார். அதற்கு அவருக்குக் கிடைக்கவேண்டியது கிடைத்துவிட்டது. நீ செய்தது வேறு. ஐம்பது வருடம் உன் தாயாக இருந்தவளின் சொல் ஒன்று உன்னிடம் வரமுன்னரே நீ கையெழுத்து வைத்தாய். அதற்கு நான் இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

சித்தப்பா விட்டுப்போன படிவத்தை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் அதைக் கிழிக்கவில்லை. கையெழுத்து உன்னுடையது. அதைப் பேனையால் குறுக்கே கோடு போட்டு வெட்டி எனக்குத் திருப்பி அனுப்பு. அல்லது அப்படியே சித்தப்பாவுக்கு அனுப்பு, கார்ப் புத்தகத்தையும் திறப்புக் கொத்தையும் அன்றே அவர் வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவேன். அதற்குப் பிறகு நீ கொழும்புக்கு வந்தால் சித்தப்பாவிடம் தங்கலாம், அவர் உன்னை எங்கும் கூட்டிக்கொண்டு போவார். எதைச் செய்தாலும், இஞ்சினைக் கெடுத்தது யார் என்று ஒரு வரி எழுது. யார் யாருக்கு அம்மா கெடுத்தாள் என்று சொன்னாயோ, அவர்கள் பெயரையும் எழுது, ஒருவரும் விடுபடாமல். அவர்களுக்கும் அதே வரியை அனுப்பு.

தொலைபேசி எடுக்காதே, நான் தூக்கமாட்டேன். குரல் பதிவும் வேண்டாம். உன் பதிலைத் தாளில், உன் கையால் எழுதி, வெள்ளவத்தை விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு.

அம்மா